சந்திராதித்தவரை: ஞாயிற்றின் நாளும் மாந்தரின் நாளும்

கல்வெட்டுப் பயிற்சி உடையோர் 'சந்திராதித்தவரை' என்னும் தொடரை நன்கு அறிவர். 'சந்திராதித்தவல்' என்றும் இது வரும். நிலமோ, பொன்னோ, நந்தா விளக்கெரிக்க ஆடுகளோ கொடையாக வழங்கிய அரசரும் வணிகரும் ஊராரும், அக்கொடை திங்களும் ஞாயிறும் உள்ளளவும் செல்லக் கடவது என்று கல்லில் வெட்டுவித்தனர். தமிழகமெங்கும் இம்மரபு உண்டு. கொங்கு நாட்டுக் கோயிற் சுவர்களும் இதற்கு விலக்கல்ல. இசுலாமிய மரபில் வக்ஃபு என்னும் அறக்கொடையும் இத்தகையதே. ஒருமுறை இறைவழியில் ஒதுக்கிய சொத்து காலவரையறையின்றி அறத்திற்கே உரியது. அதை விற்கவோ மீட்கவோ இயலாது. மொழியும் சமயமும் வேறாயினும், தன் வாழ்நாளைக் கடந்து ஒன்று நிலைக்க வேண்டும் என்ற வேட்கை இரண்டிற்கும் பொதுவானது.

கொடை எழுதியவர்கள் ஞாயிற்றை முடிவின்மைக்கு அடையாளமாகக் கொண்டனர். ஆனால் இன்றைய வானியல், ஞாயிற்றுக்கும் பிறப்பும் முதுமையும் முடிவும் உண்டு எனக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அவ்வாறாயின் 'ஆதித்தவரை' என்பது எத்தனை ஆண்டு? அத்தனை ஆண்டும் மாந்தர் இருப்பரா? இவ்விரு வினாக்களுக்கும் அறிவியல் தரும் விடைகளை இக்கட்டுரையில் காண்போம். கேள்வி தொலைவானதாகத் தோன்றலாம்; அதன் விடையில் நம் சோளக் காடும் நொய்யலாறும் வருவதைப் படிப்போர் காண்பர்.

ஞாயிறு எரிவது எவ்வாறு?

ஞாயிறு விறகைப்போல் எரிவதில்லை. அதன் அளவு முழுவதும் நிலக்கரியாக இருந்தாலும் சில ஆயிரம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்களை இப்புதிர் பெரிதும் வருத்தியது. 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழு ஞாயிற்று மறைப்பைக் காண ஐரோப்பிய வானியலார் தென்னிந்தியாவிற்கு வந்தனர். பிரெஞ்சு அறிஞர் ஜான்சென் குண்டூரில் தம் கருவிகளை நிறுவினார். ஞாயிற்றொளியை நிறங்களாகப் பிரித்து நோக்கும் ஆய்வு அவ்வாண்டில் புதுவேகம் பெற்றது. மண்ணில் அறியப்படாத ஒரு தனிமத்தைச் சுட்டும் மஞ்சட்கோடு அவ்வொளியில் இருப்பது தெரிந்தது. ஞாயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். 1895இல்தான் இராம்சே அதனை மண்ணுலகில் கண்டறிந்தார்.

ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுவதே விண்மீன்களின் ஆற்றலுக்கு ஊற்றாகலாம் என்று 1920இல் எடிங்டன் கருத்துரைத்தார். ஞாயிறு பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனது என்பதை 1925இல் செசிலியா பெயின் என்னும் பெண் ஆய்வாளர் நிறுவினார். அவர் பயன்படுத்திய சமன்பாடு வங்கத்து மேக்நாத் சாகா வகுத்தது. பின்னர் ஹான்ஸ் பெதே 1939இல் அணுக்கருப் பிணைவின் படிகளைத் தெளிவாக்கினார்.

ஞாயிற்றின் நடுவகத்தில் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றரைக் கோடிப் பாகை. அங்கே ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் 40 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருண்மை ஆற்றலாகி வெளியேறுகிறது. நொடிக்கு 40 இலட்சம் டன் இழந்தும் 460 கோடி ஆண்டுகளாக ஞாயிறு தன் உடலில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட இவ்வழியில் இழக்கவில்லை. அதன் பெருமை அத்தகையது.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கட்டுரையின் மையமே அதுதான். நான்கு ஹைட்ரஜன் கருக்கள் கூடி ஒரு ஹீலியம் கரு ஆகிறது. ஒரு பெரும்பந்தலின் கூரையை உள்ளே நெருங்கி நிற்கும் கூட்டமே தலையால் தாங்குவதாகக் கொள்வோம். நால்வர் நின்ற இடத்தில் ஒருவரே நின்றால் கூரை சற்றுத் தாழும். அவ்வாறே ஞாயிற்றின் நடுவகமும் துகள் குறையக் குறையச் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க வெப்பம் மிகுகிறது. வெப்பம் மிக மிகப் பிணைவு விரைகிறது. ஆகவே ஞாயிறு முதுமையடையும்போது மங்குவதில்லை, மேலும் ஒளிர்கிறது. அடுப்பில் விறகு தீரத்தீரத் தணல் தணியும் என்ற நம் பட்டறிவு இங்குப் பொருந்தாது.

பிறந்த காலத்தில் ஞாயிறு இன்றைய ஒளியில் சுமார் 70 விழுக்காடே தந்தது. இனி ஒவ்வொரு நூறு கோடி ஆண்டிற்கும் ஏறத்தாழப் பத்து விழுக்காடு மிகும். நம் வடமேற்கில் நீலமலையாக நிற்கும் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையவை. அவை உருவானபோது வானில் இருந்த ஞாயிறு இன்றைய ஒளியில் ஐந்தில் நான்கு பங்கு அளவே தந்தது. அத்தனை மங்கிய ஞாயிற்றின் கீழும் கடல் உறையாமல் இருந்தது எவ்வாறு என்ற புதிரை 1972இல் கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் எழுப்பினர். வெப்பத்தைப் பொதிந்து வைக்கும் வாயுக்கள் அன்று காற்றில் மிகுந்திருந்தன என்பதே அதற்கு இன்று பெரும்பாலோர் தரும் விடை.

மதுக்கரைக் கல்லும் கொங்குச் சோளமும்

ஞாயிறு பெருத்து உலகை விழுங்கும் நாளே உயிர்களின் இறுதிநாள் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே வேறொரு வழியில் முடிவு நெருங்கும். அவ்வழியை விளக்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை; கோவையை அடுத்த மதுக்கரைக்குச் சென்றால் போதும்.

மதுக்கரையின் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆவதை நாம் அறிவோம். சுண்ணாம்புக்கல் என்பது கல்லாகிப்போன கரியமில வாயுவே எனலாம். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு பாறையை அரிக்கிறது. அரித்த பொருள் ஆற்றோடு கடலை அடைகிறது. அங்கே அது சுண்ணாம்பாகப் படிகிறது. இவ்வாறு காற்றின் கரி கல்லுக்குள் சிறைப்படுகிறது. எரிமலைகள் அதனை மீண்டும் காற்றில் விடுகின்றன. உலகம் வெப்பமானால் மழையும் அரிப்பும் மிகுந்து கரியமில வாயு குறையும். குளிர்ந்தால் அரிப்பு தளர்ந்து அவ்வாயு பெருகும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக உலகின் வெப்பத்தைச் சமன் செய்து வரும் துலாக்கோல் இதுவே.

ஞாயிற்றின் ஒளி மிகுந்துகொண்டே போனால் இத்துலாக்கோல் ஒருபுறமே சாயும். கரியமில வாயு மேலும் மேலும் கல்லுக்குள் இறங்கும். காற்றில் அது அருகிப்போகும். பயிர்களின் உணவு அவ்வாயுதான் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தி. எனவே தொலைவான எதிர்காலத்தில் உலகின் பசுமை வெயிலில் கருகி மாள்வதற்கு முன்பே பசியால் மாளக்கூடும்.

இப்பசியை எல்லாப் பயிரும் ஒருபடித்தாகத் தாங்குவதில்லை. நெல், பருத்தி, மஞ்சள், வாழை, தென்னை முதலியன ஒரு வகை. காற்றில் பத்து இலட்சம் பங்கிற்குச் சுமார் 150 பங்குக்குக் கீழே கரியமில வாயு குறைந்தால் இவை தள்ளாடும். சோளம், கம்பு, மக்காச்சோளம், கரும்பு என்பன மற்றொரு வகை. இவை அவ்வாயுவை முதலில் நான்கு கரியணு உடைய ஒரு பொருளாகப் பிடித்துச் சேமித்து, இலையின் உள்ளறைக்குக் கொண்டு சென்று செறிவாக்கிப் பயன்படுத்துகின்றன. ஆகவே பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு அளவிலும் இவை உயிர் தரிக்க வல்லவை. இன்று காற்றில் அது 420 பங்கினைக் கடந்துவிட்டது.

இவ்வழிமுறையை உலகறியச் செய்த பயிர் கரும்பு. ஹவாய்த் தீவில் கரும்பை ஆய்ந்த கோர்ட்சாக் குழுவினர் 1965இல் இதனை வெளியிட்டனர். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் இருவர் படிப்படியாக விளக்கினர். நம் கோவையின் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் 1912இல் தோன்றியது. பார்பரும் வேங்கடராமனும் அங்கே ஆலைக்கரும்பையும் நாணலையும் இணைத்துக் 'கோ 205' என்னும் இரகத்தைப் படைத்தனர். கோவையின் முதலெழுத்தைத் தாங்கிய கரும்புகள் பின்னர் உலகின் பல நாடுகளில் வேரூன்றின. காட்டு நாணலின் வன்மையைக் கரும்பில் புகுத்திய அவர்கள், உலகின் கடைசிப் பசுமைக்குரிய குடும்பத்தோடு பழகிக்கொண்டிருந்தனர் என்று எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது.

மானாவாரி நிலத்தில் சோளமும் கம்பும் விதைத்து வாழ்ந்த கொங்குக் குடியானவரைச் 'சோளச் சோறு தின்போர்' என்று நெற்சோற்றார் இழித்துரைத்த காலமும் உண்டு. உலகின் முதுமைக் காலத்தில் நெல்லைக் கடந்து நிற்கப்போவது சோளத்தின் இனமே என்பதை அவர்கட்கு யார் சொல்வது!

இந்நாள் எப்போது வரும் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. 1982இல் லவ்லாக், விட்ஃபீல்டு இருவரும் பத்துக் கோடி ஆண்டே மீதி என்றனர். 1992இல் கால்டீராவும் காஸ்டிங்கும் அதனைத் திருத்தி, சோளம் போன்ற பயிர்களுக்குக் குறைந்தது 90 கோடி ஆண்டு உண்டு என்றனர். அண்மைக் கணக்குகள் சில 160 கோடிக்கும் மேல் நீட்டுகின்றன. கடல்நீர் ஆவியாகி மேற்காற்றுக்கு ஏறி, அங்கே சிதைந்து, விண்ணில் கசிந்து வற்றத் தொடங்கும் காலம் ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுக்குப் பின் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. கல்வெட்டுக்காரரின் 'ஆதித்தவரை' என்பதற்கு உயிர்களின் கணக்கில் ஒரு தோராய எல்லை கூறின், அது நூறு கோடி ஆண்டே.

செம்பெருமீனும் வெண்குறுமீனும்

அதன் பின்னும் ஞாயிறு நெடுங்காலம் வாழும். சுமார் 500 கோடி ஆண்டு கழித்து நடுவகத்தின் ஹைட்ரஜன் தீரும். நடுவகம் சுருங்க, புறவுறை பெருத்துச் சிவந்து செம்பெருமீன் என்னும் நிலையை அடையும். சுரோடர், சுமித் என்னும் வானியலார் 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, இன்றிலிருந்து 760 கோடி ஆண்டளவில் ஞாயிற்றின் ஆரம் இன்றையதைப்போல் 256 மடங்காகும். புதனும் வெள்ளியும் அதனுள் மறையும். ஞாயிறு அதற்குள் தன் பொருண்மையில் மூன்றிலொரு பங்கை இழந்துவிடுமாதலால் புவியின் பாதை விலகும். எனினும் ஈர்ப்பின் இழுவையால் புவியும் தப்பாது என்பது அவர்தம் முடிவு.

பின்னர் நடுவகத்து ஹீலியம் சில காலம் எரியும். புறவுறை விண்ணில் கரைந்து போகும். எஞ்சுவது புவியின் பருமனே உடைய, ஆனால் இன்றைய ஞாயிற்றின் பொருண்மையில் ஏறத்தாழப் பாதி கொண்ட ஒரு வெண்மணி. அதற்கு வெண்குறுமீன் என்று பெயர். அதில் ஒரு தேக்கரண்டிப் பொருள் பல டன் எடையிருக்கும். எரிய ஒன்றுமில்லாத அது, அணைத்த கொல்லுலை இரும்புபோல் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே கிடக்கும்.

ஞாயிறு ஏன் இவ்வாறு அமைதியாக அடங்கும், ஏன் வெடித்துச் சிதறாது என்னும் வினாவுக்கு விடை தந்தவர் ஒரு தமிழர். 1910இல் இலாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர். சர் சி. வி. இராமனுக்கு அண்ணன் மகன். 1930 சூலையில், பத்தொன்பது வயதில், மேற்படிப்பிற்காகக் கப்பலேறி இங்கிலாந்து செல்லும் வழியில் அவர் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். வெண்குறுமீன் எத்தனை கனமானதாகவும் இருக்கலாம் என்பதே அன்றைய கருத்து. எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை அணுகும்போது ஐன்ஸ்டீனின் சார்பியல் விதிகள் புகுகின்றன. அவற்றைச் சேர்த்துக் கணக்கிட்டால் கனத்திற்கு ஓர் எல்லை உண்டு என்று கண்டார். இன்று 'சந்திரசேகர் எல்லை' எனப்படும் அது ஞாயிற்றின் பொருண்மையில் 1.44 மடங்கு. எல்லைக்குள் அடங்கும் எச்சம் வெண்குறுமீனாக ஓயும். எல்லை கடந்தது தன் எடையைத் தானே தாங்காது நொறுங்கும்.

1935 சனவரி 11 அன்று இலண்டனில் இராயல் வானியல் கழகத்தில் சந்திரசேகர் இக்கருத்தை உரைத்தார். உடனே எழுந்த எடிங்டன், விண்மீன் அவ்வாறு நொறுங்குவதை இயற்கை அனுமதிக்காது என்னும் பொருள்பட எள்ளி நகையாடினார். அவையும் சிரித்தது. ஹைட்ரஜனே விண்மீனின் எரிபொருள் என்று முன்னுணர்ந்த அதே எடிங்டன்தான்! பேரறிஞர் ஒருவர் ஒரு செய்தியில் சரியாகக் கூறியமையால் மற்றொன்றிலும் அவர் சொல்லே வேதவாக்கு ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? சந்திரசேகர் சண்டையிடவில்லை, நூலொன்றில் தம் ஆய்வை எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1995இல் அவர் மறைந்தார்.

ஞாயிற்றின் நாளையும் மறுமை நாளையும் குழப்பலாகாது

இவ்விடத்தில் நம் சமுதாயப் பெரியோர்கள் ஒரு வினா எழுப்பக்கூடும். திருக்குர்ஆனின் 81ஆம் அத்தியாயம் இறுதி நாளில் ஞாயிறு அடையும் நிலையைக் கூறித் தொடங்குகிறது. வானியலார் கூறும் செம்பெருமீனும் அதுவும் ஒன்றா? மேடைகளில் சிலர் இரண்டையும் முடிச்சிட்டு, ஆண்டுக் கணக்கோடு பேசுவதையும் நாம் கேட்கிறோம். இவ்வழக்கம் நமக்கு உடன்பாடன்று. இறுதி நாள் எப்போது என்ற அறிவு இறைவனிடமே உள்ளது என்பது நம் நம்பிக்கையின் அடிப்படை. 760 கோடி ஆண்டு என்று அதற்குத் தவணை குறிப்பது அந்த அடிப்படைக்கே மாறானது. மேலும், 1982இல் பத்துக் கோடி எனப்பட்ட கணக்கு 1992இல் 90 கோடியானதை மேலே கண்டோம். மாறும் கணக்கை மாறா வேதத்தோடு பிணைத்தால், கணக்கு மாறும்போது பழி எதன்மேல் விழும்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராகீம் மறைந்த நாளில் ஞாயிற்று மறைப்பு நிகழ்ந்தது. குழந்தையின் மறைவுக்காகவே ஞாயிறு மறைந்தது என மக்கள் பேசினர். பெருமானார் அதனை மறுத்து, ஞாயிறும் திங்களும் இறைவனின் சான்றுகள், எவருடைய இறப்பையும் ஒட்டி அவை மறைவதில்லை என்று தெளிவுறுத்தினார்கள். தம் துயரத்தின் உச்சியிலும் தமக்குப் பெருமை சேர்க்கும் ஒரு தவறான விளக்கத்தை ஏற்காத நேர்மை அது. 2019 டிசம்பர் 26 அன்று வளைய மறைப்பின் பாதை கோவை, திருப்பூர், கரூர் வழியே சென்றபோது, வானை நோக்கிய கண்ணாடிகளுக்கும் கிரகணத் தொழுகைக்கும் இடையே முரண் எதுவும் எழக் காரணமில்லை.

மாந்தர் அதுவரை இருப்பரா?

நூறு கோடி என்பது நாவில் எளிதாக வரும்; நெஞ்சில் தங்காது. எனவே அதனை ஒரு தொலைவாக்கிப் பார்ப்போம். கோவையிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். கோவைச் சந்திப்பின் நடைமேடையில் நாம் நிற்கும் இடம் இன்று. சென்னை என்பது கடல் வற்றும் காலம். அப்போது ஒரு மீட்டர் இரண்டாயிரம் ஆண்டாகும். சங்க காலம் நமக்குப் பின்னால் ஒரே எட்டில் நிற்கிறது. உழவு தோன்றியது ஐந்தாறு மீட்டர் பின்னால். நம் மனித இனம் தோன்றி மூன்று இலட்சம் ஆண்டு என்று மொராக்கோவில் கிடைத்த எலும்புகள் காட்டுகின்றன. அது 150 மீட்டர், நடைமேடைக்குள்ளேயே அடங்கிவிடும். ஞாயிறு செம்பெருமீனின் உச்சியை அடையும் நாளோ 3,800 கிலோமீட்டருக்கு அப்பால், கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை நீளும் பாதையின் தொலைவு.

பாலூட்டி இனம் ஒன்றின் சராசரி வாழ்நாள் சுமார் பத்து இலட்சம் ஆண்டு என்பர். அது நம் பாதையில் அரைக் கிலோமீட்டர். வண்டி வேகமெடுக்கும் முன்னரே பெரும்பாலான இனங்கள் இறங்கிவிடுகின்றன. ஆகவே மாந்தரின் நெடுவாழ்வுக்கு உண்மையான இடையூறு ஞாயிற்றின் முதுமை அன்று; அது சென்னையில் இருக்கிறது. இடையூறுகள் நடைமேடையை அடுத்தே உள்ளன.

அவற்றுள் சில விண்ணிலிருந்து வருவன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல் பேருருவ ஊர்வன இனத்தை அழித்தது. இத்தகைய கல்லைத் திசை திருப்ப இயலுமா என்று சோதிக்க 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் நாசா ஒரு விண்கலத்தை டைமார்பஸ் என்னும் சிறு கோள்மீது மோதவிட்டது. அக்கோள் தன் துணையைச் சுற்றும் காலம் 32 நிமிடம் குறைந்தது. உயிர்களின் வரலாற்றில் ஓர் இனம் விண்பொருளின் பாதையை வேண்டுமென்றே மாற்றியது அதுவே முதன்முறை. இன்னும் துணிந்தோர் 2001இல் ஒரு கணக்கு வெளியிட்டனர். நூறு கிலோமீட்டர் அளவுள்ள சிறு கோள்களை ஆறாயிரம் ஆண்டிற்கு ஒருமுறை புவியருகே செலுத்திவந்தால், அவற்றின் ஈர்ப்பால் புவியையே சிறிது சிறிதாக ஞாயிற்றிலிருந்து விலக்கிக் கொண்டு செல்லலாமாம். கணக்கில் பிழையில்லை. ஆயினும் ஒரு கல் குறி தவறினால் என்னாகும் என்று எண்ணுங்கால் நெஞ்சு துணுக்குறுகிறது.

ஞாயிற்றின் சீற்றமும் அண்மைய இடையூறே. 1859 செப்டம்பரில் எழுந்த ஞாயிற்றுப் புயல் தந்திக் கம்பிகளில் தீப்பொறி எழச் செய்தது. பம்பாயின் கொலாபா ஆய்வகத்துக் காந்தக் கருவிகளும் அதனைப் பதிவு செய்தன. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாநிலம் மற்றொரு புயலால் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இழந்தது. மின்சாரத்தையும் செயற்கைக்கோளையும் நம்பி வாழும் இன்றைய உலகை 1859இன் புயல் தாக்கினால் இழப்பு பெரிதாகும். இதனைக் கண்காணிக்கும் பணியில் நம்மவர் பங்கு சிறிதன்று. பழநி மலைத்தொடரில் கோடைக்கானல் ஞாயிற்றாய்வகம் 1899இல் தொடங்கி இன்றளவும் இயங்குகிறது. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று ஞாயிற்றை இடைவிடாது நோக்குகிறது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நிகார் சாஜி. சந்திரயான்-1 திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை நம் கோதவாடியின் மைந்தர். தமிழ் மண்ணிலிருந்து எழுந்த இவ்விருவருள் ஒருவர் திங்களையும் மற்றவர் ஆதித்தனையும் பணியிடமாகக் கொண்டது பொருத்தமே அன்றோ!

ஆனால் பெரிய இடையூறு விண்ணிலிருந்து வருவதன்று. கல்வெட்டுக்குத் திரும்புவோம். 'சந்திராதித்தவரை' என்று எழுதிய கை அத்தோடு நிற்கவில்லை. இவ்வறத்தை அழிப்பவன் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்ற சாபத்தையும் சேர்த்தே எழுதியது. கொடையாளர் ஞாயிற்றைப் பற்றி அஞ்சவில்லை. தமக்குப்பின் வரும் மனிதரைப் பற்றியே அஞ்சினர். வக்ஃபு எழுதியோரும் காப்பாளரை அமர்த்தி, அவருக்கும் கட்டுப்பாடு விதித்தது அவ்வச்சத்தாலேயே.

அந்த அச்சம் வீண் அன்று என்பதற்கு நொய்யல் சான்று. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் இவ்வாற்றில் அணைக்கட்டும் வாய்க்காலும் அமைத்து, ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்துக்குச் செல்லுமாறு நம் முன்னோர் தொடுத்தனர். உக்கடம் பெரியகுளமும் குறிச்சிக்குளமும் சிங்காநல்லூர்க் குளமும் அத்தொடரின் கண்ணிகள். நூற்றாண்டுகள் பல கடந்தும் அவை நின்றன. பாசனத்திற்கென்று ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை ஒன்று கட்டி முடிக்கப்பட்டது. திருப்பூரின் சாயக்கழிவு ஆற்றில் இறங்கிச் சில ஆண்டுகளிலேயே அவ்வணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. அடுத்த ஊர்க் கிணறுகளும் வயல்களும் கெட்டன. தம் நிலத்தைக் காக்கக் கட்டிய அணையையே திறந்துவிடுமாறு உழவர் போராட நேர்ந்தது. 2011 சனவரியில், கழிவுநீரை முற்றிலும் வெளிவிடாத முறைக்கு மாறும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பல்லாயிரவர் வேலையிழந்து தவித்ததும் அந்நாளிலேதான். ஆற்றைக் கெடுத்ததும், அதனால் பிழைத்ததும், அதனைக் காக்க முறையிட்டதும் ஒரே வட்டாரத்து மக்கள். பனியன் அணிந்த நாம் யாவரும் அதில் பங்குடையோர். நம் இருப்புப்பாதை அளவில் இந்நிகழ்ச்சி முழுவதும் ஓர் அங்குலத்திற்கும் குறைவு.

நூறு கோடி ஆண்டுக் கல்வெட்டு

புவியை விட்டு வேறு விண்மீன்களை நாடிச் செல்லலாமே என்பார் உண்டு. அடுத்துள்ள விண்மீன் 4.2 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 1977இல் ஏவப்பட்ட வாயேஜர்-1 நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. அது அத்தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுக்கு மேலாகும். 2012 ஆகஸ்டில்தான் அது ஞாயிற்றுக் காற்றின் எல்லையைக் கடந்து விண்மீன்களின் இடைவெளியில் புகுந்தது. இன்றைய நம் கருவிகளால் குடிபெயர்வது பற்றிப் பேசுவது பொழுதுபோக்கே.

எனினும் அக்கலத்தில் ஒரு பொருள் இருக்கிறது. பொன் முலாம் பூசிய செப்புத் தகடு ஒன்றில் உலகத்து ஒலிகளையும் இசையையும் படங்களையும் பொறித்து அனுப்பினர். தகட்டின் உறையில் யுரேனியத்தைப் பூசியுள்ளனர். கண்டெடுப்போர் அதன் சிதைவைக் கொண்டு எத்தனை காலம் சென்றது எனக் கணக்கிடலாம். விண்வெளியில் அரிப்பு இல்லாமையால் அத்தகடு நூறு கோடி ஆண்டு நிலைக்கும் என மதிப்பிட்டுள்ளனர். நம் கோயிற் சுவர்கள் பொடியாகி, கடலும் வற்றத் தொடங்கும் காலத்தும் அது படிக்கத்தக்கதாய் இருக்கும். உண்மையிலேயே 'ஆதித்தவரை' நிலைக்கும்படி மாந்தர் வெட்டிய கல்வெட்டு அது.

அதில் 55 மொழிகளில் வாழ்த்துரை உண்டு. வழக்கொழிந்த சுமேரியமும் அக்காதியமும் உள்ளன. அரபும் பாரசீகமும் உருதும் உள்ளன. இந்தி, வங்காளம், மராத்தி, குசராத்தி, பஞ்சாபி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் ஆகியன உள்ளன, சிங்களமும் உண்டு. தமிழ் இல்லை.